டைட்டில் 1 பணம், நான்கு பள்ளி, ஒரே வெண்டர், நான்கு பர்ச்சேஸ் ஆர்டர்: ஆடிட்டரிடம் என்ன சொல்வது?

கல்விக்கணக்கு எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சிறிய பள்ளி மாவட்டத்தில் ஃபெடரல் கிராண்ட் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, எனக்கு முன் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது சிங்கிள் ஆடிட், அதாவது ஃபெடரல் பணம் பெறும் அமைப்புகளுக்கான ஆண்டுத் தணிக்கை நடக்கிறது, இந்த முறை டைட்டில் 1 திட்டத்தைத்தான் (ஏழை மாணவர்கள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கான ஃபெடரல் நிதி) ஆழமாகப் பார்க்கிறார்கள். மாதிரிக்கு எடுத்த பில்களில் ஒரு வாசிப்புப் பயிற்சி மென்பொருள் சிக்கியிருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் நான்கு தொடக்கப் பள்ளிகள் தலா 9,400 டாலருக்கு அதை வாங்கியிருக்கின்றன, மொத்தம் 37,600. ஒவ்வொன்றும் 10,000க்குக் கீழே இருந்ததால் வேறு எந்த நிறுவனத்திடமும் விலை கேட்கவில்லை.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். வெண்டர் கொடுத்த விலைத்தாள் நான்கிலும் ஒரே தேதி, எண்கள் அடுத்தடுத்து வருகின்றன, நான்கிலும் "கவனத்திற்கு" என்ற இடத்தில் மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஆளின் பெயர். இது வரம்புக்குள் அடங்குவதற்காக ஒரே கொள்முதலை வேண்டுமென்றே துண்டு போட்ட மாதிரி இருக்கிறது என்று ஆடிட்டர் சொல்கிறார். என் மேலதிகாரி, இப்போதே வேறு இரண்டு கம்பெனியிடம் விலை வாங்கி ஃபைலில் சேர்த்துவிடு என்கிறார், அல்லது இந்தப் பொருளை நாங்கள் மட்டும்தான் விற்கிறோம் என்று வெண்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் போதும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கொள்முதல்_மேசை எழுதியது:

முதலில் ஒன்று: பழைய ஃபைலில் புது விலைத்தாளைச் சொருகாதீர்கள். தேதி மாற்றாமல் வைத்தாலும் அது அன்றைக்கு எடுத்த முடிவுக்கு ஆதாரம் ஆகாது, தேதி மாற்றி வைத்தால் அது கொள்முதல் தவறு என்ற எல்லையைத் தாண்டி மோசடி என்ற இடத்துக்குப் போய்விடும், அதில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். மேலதிகாரியிடம் இதை வாய்ப்பேச்சாக இல்லாமல் மின்னஞ்சலில் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

விதி எங்கே இருக்கிறது என்றால், யூனிஃபார்ம் கைடன்ஸ் என்ற ஃபெடரல் கிராண்ட் விதிகள், அதாவது ஃபெடரல் விதித்தொகுப்பில் 2 சி.எஃப்.ஆர். பகுதி 200. அதில் 200.318 முதல் 200.327 வரை நம்மைப் போன்ற மாவட்டங்களுக்கான கொள்முதல் விதிகள். உங்கள் விஷயம் 200.320. மைக்ரோ பர்ச்சேஸ் என்ற சிறு கொள்முதல் வரம்புக்குள் இருந்தால் விலை நியாயமானது என்று தோன்றினாலே போதும், போட்டி விலை கேட்க வேண்டாம். அந்த வரம்புக்கு மேலே போய், நீங்கள் வாங்கிய சமயத்தில் இருந்த 250,000 வரைக்கும், போதுமான எண்ணிக்கையில் தகுதியான வெண்டர்களிடம் விலை கேட்டிருக்க வேண்டும். அதற்கும் மேலே என்றால் முறைப்படி விளம்பரம் செய்து சீல் வைத்த டெண்டரோ முன்மொழிவுகளோ வாங்க வேண்டும். வரம்பைக் கணக்கிடுவது மொத்தத் தொகையை வைத்து. 37,600 என்பது ஒரே தேவை, ஒரே பொருள், ஒரே நாள். எத்தனை ஆர்டராகப் பிரித்தாலும் அது நடு வகைதான்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றைய தேதியிட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள்: என்ன வாங்கப்பட்டது, யார் முடிவு செய்தது, அப்போது என்ன ஆவணம் இருந்தது, என்ன இல்லை. விலை நியாயம்தான் என்று காட்ட முடிந்தால் அதையும் இன்று பார்த்தது என்று தெளிவாகச் சொல்லி எழுதலாம், உதாரணமாக வேறு மாவட்டங்கள் அதே உரிமத்துக்கு மாணவருக்கு எவ்வளவு கொடுத்தன என்று போர்டு கூட்டப் பதிவுகளில் கிடைக்கும். குறை குறையாகவே இருக்கும், ஆனால் பணம் வீணாகவில்லை என்பதற்கு அது உதவும்.

அந்தக் கடிதம் பற்றி. எல்லா மென்பொருள் கம்பெனியும் கேட்ட அன்றே அனுப்பும், தயாராகவே வைத்திருப்பார்கள். அந்தப் பொருளுக்கு அவர்கள்தான் உரிமையாளர் என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. உங்கள் தேவையை வேறு எந்தப் பொருளும் தீர்க்காது என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் எழுத வேண்டியது வெண்டர் இல்லை, மாவட்டம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒலிப்புப் பயிற்சி தரும் மென்பொருள் சந்தையில் நிறைய இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இது பிடித்திருக்கிறது என்பது காரணம் ஆகாது.

பள்ளிப்பக்கம் எழுதியது:

நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். டைட்டில் 1 பணத்தை மாவட்டம் பள்ளிவாரியாகப் பிரித்துத்தான் கொடுக்கிறது, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித் திட்டம், தனி பட்ஜெட், தலைமையாசிரியர்தான் முடிவு செய்கிறார். நான்கு தலைமையாசிரியர்கள் தனித்தனியாக ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்தால் அது எப்படித் துண்டு போடுவது ஆகும்? நல்ல பொருள் என்றால் நாலு பேரும் வாங்கத்தான் செய்வார்கள். இந்த விதிகளை இப்படி இறுக்கினால் குழந்தைகளுக்குப் போக வேண்டிய உதவி ஜனவரிக்குத் தள்ளிப்போகிறது, அதைப் பற்றி யாரும் ஆடிட் அறிக்கையில் ஃபைண்டிங், அதாவது குறை, எழுதுவதில்லை. வருத்தமாக இருக்கிறது.

முன்னாள்_ஆடிட்டர் எழுதியது:

பள்ளிப்பக்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த ஃபைலுக்கு அது பொருந்தாது. கிராண்ட் பெறுபவர் மாவட்டம். பள்ளிக்கு ஒதுக்கீடு என்பது மாவட்டத்தின் உள்கணக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் மாவட்டம்தான். ஒரு பள்ளி செப்டம்பரில் வாங்கி, அது நன்றாக வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டு இன்னொரு பள்ளி பிப்ரவரியில் கேட்டது என்றால் நான் பேச்சுக்கு இடம் கொடுத்திருப்பேன். ஒரே தேதி, அடுத்தடுத்த எண், மாவட்ட அலுவலகத்தில் ஒரே ஆள் என்றால், நான்கு பள்ளிக்கும் சேர்த்து ஒருவர் விலை கேட்டிருக்கிறார், வெண்டர் நான்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் என்றுதான் யாரும் படிப்பார்கள். வெண்டரே இப்படிப் பிரித்துத் தருகிறேன் என்று சொல்வதும் நடக்கிறது, அவர்களுக்கு நம் வரம்பு நன்றாகத் தெரியும்.

கல்விக்கணக்கு, ஃபைண்டிங் வராமல் தடுக்க முடியுமா என்று யோசிக்காதீர்கள். ஆடிட்டர் ஆழமாகப் பார்க்கும் முக்கியத் திட்டத்தில் கேள்விக்குரிய செலவு (விதிப்படி இல்லை என்று அவர் குறிக்கும் செலவு) 25,000 டாலரைத் தாண்டினால் அறிக்கையில் போட்டே ஆக வேண்டும், அந்த எண் யூனிஃபார்ம் கைடன்ஸிலேயே இருக்கிறது. வந்த பிறகு திருத்த நடவடிக்கைத் திட்டம் எழுத வேண்டியது மாவட்டம், அதை ஏற்பதா பணத்தைத் திருப்பிக் கேட்பதா என்று முடிவு செய்வது மாநிலக் கல்வித் துறை. பொருள் உண்மையில் வந்தது, மாணவர்கள் பயன்படுத்தினார்கள், விலை நியாயமானது, திட்டத்துக்கு ஏற்ற செலவு என்று காட்ட முடிந்த இடங்களில் திருத்தத்தோடு முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் உள்நுழைவுப் பதிவுகளை இப்போதே வெண்டரிடம் கேட்டு வாங்குங்கள், ஒப்பந்தம் முடிந்தால் அவை கிடைக்காது.

இன்னும் இரண்டு இடத்தில் கை வையுங்கள். ஒன்று, 25,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தத்துக்கு, அந்த வெண்டர் அரசுப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டவர் இல்லை என்று சரிபார்த்திருக்க வேண்டும். பெரும்பாலோர் சாம் (SAM.gov) என்ற ஃபெடரல் அரசின் தளத்தில் பெயரைத் தேடி, தேதியோடு அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் வைப்பார்கள். நான்காகப் பிரித்ததால் அதையும் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது, உங்கள் மாவட்டத்தின் சொந்தக் கொள்முதல் கொள்கை. ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஃபெடரல் விதி, மாநிலச் சட்டம், போர்டு கொள்கை, மூன்றில் எது கடுமையோ அதுதான் உங்களுக்கு விதி. 2025 அக்டோபர் 1 முதல் ஃபெடரல் சிறு கொள்முதல் வரம்பு 15,000 ஆகவும் அடுத்த வரம்பு 350,000 ஆகவும் உயர்ந்தது, ஆனால் போர்டு கொள்கையில் 10,000 என்று எண்ணாகவே எழுதியிருந்தால் போர்டு திருத்தும் வரை 10,000தான். பழைய ஆவணங்களில் 3,000, 3,500 என்றெல்லாம் இருப்பதையும் பார்த்திருக்கிறேன், யாரும் திறந்து பார்க்காததால் அப்படியே கிடக்கும்.

கல்விக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேலதிகாரியிடம் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், கொஞ்சம் கோபம்தான், ஆனால் விலைத்தாள் சேர்க்கும் பேச்சு நின்றுவிட்டது. கொள்கையைப் பார்த்தேன், 10,000 என்று எண்ணாகவே இருக்கிறது. வரம்பை நாமே 50,000 வரை உயர்த்திக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? அப்புறம், வரும் ஆண்டுக்கு இதே மென்பொருளை ஒரு கூட்டுறவுக் கொள்முதல் ஒப்பந்தம் (வேறொரு அமைப்பு ஏற்கெனவே டெண்டர் நடத்திப் போட்டது, மற்றவர்களும் பயன்படுத்தலாம்) வழியாக வாங்கலாம் என்று வெண்டரே சொல்கிறார். அதை அப்படியே நம்பலாமா?

கொள்முதல்_மேசை எழுதியது:

50,000 உண்மைதான், ஆனால் வாயால் சொன்னால் போதாது. மாவட்டம் ஆண்டுதோறும் சுயசான்று எழுதி வைக்க வேண்டும், அதில் காரணமும் ஆதாரமும் இருக்க வேண்டும். கடைசி ஆடிட்டில் குறைந்த ஆபத்துள்ள நிறுவனம் என்று தகுதி பெற்றது, அல்லது உள்ளே ஆண்டு ஆபத்து மதிப்பீடு செய்தது, அல்லது மாநிலச் சட்டமே உயர்ந்த வரம்பை அனுமதிப்பது, இவற்றில் ஒன்று. முன்தேதியிட்டுச் செல்லாது, அதனால் போன வருடத்து 37,600க்கு இது உதவாது. என்னைக் கேட்டால் ஃபைண்டிங் வந்த வருடமே வரம்பை உயர்த்துவது நல்ல யோசனை இல்லை. மாநிலத் துறை அதைத் திருத்தம் என்று எடுத்துக்கொள்ளாது.

கூட்டுறவு ஒப்பந்தம் நல்ல வழி, 200.318-லேயே அதை ஊக்குவித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வெண்டர் தரும் ஒப்பந்த எண்ணை மட்டும் ஆர்டரில் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். முதலில் டெண்டர் நடத்திய அமைப்பிடம் விளம்பரம், முன்மொழிவு அழைப்பு, மதிப்பெண் தாள், ஒப்பந்தம் எல்லாவற்றின் பிரதியும் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் போட்டியிட்டார்கள், நீங்கள் வாங்கும் பொருள் அந்த ஒப்பந்தத்துக்குள் உண்மையிலேயே வருகிறதா, ஃபெடரல் பணத்துக்கான ஒப்பந்த விதிகள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பகுதி 200-இன் இரண்டாம் பின்னிணைப்பில் அவை வரிசையாக இருக்கும். உங்கள் மாநிலச் சட்டம் அப்படி வாங்க விடுகிறதா என்பதும் முக்கியம். வேறு மாநிலத்து அமைப்பு என்றால் மாநிலத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சமையல்கூடம் எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், பள்ளி உணவுத் திட்டப் பக்கம் வேலை செய்கிறேன், இதே விதிகள் எங்களுக்கும் உண்டு. எங்களிடம் பலமுறை பார்த்தது: வெண்டர் எழுதிக் கொடுத்த விவரக்குறிப்பை அப்படியே விலை கேட்கும் தாளில் ஒட்டிவிடுவார்கள். விவரக்குறிப்பைத் தயாரித்தவர் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று 200.319 சொல்கிறது. மென்பொருளில் இது இன்னும் எளிதாக நடக்கும் என்று நினைக்கிறேன், அவர்கள் வசதிப் பட்டியலை நீங்கள் தேவைப் பட்டியலாக எழுதினால் வேறு யாராலும் உள்ளே வர முடியாது. பிராண்ட் பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்த்து, எந்த அம்சம் அவசியம் என்றும் சொல்லுங்கள்.

முன்னாள்_ஆடிட்டர் எழுதியது:

நல்ல புள்ளி. கல்விக்கணக்கு, திருத்தத் திட்டத்தில் "ஊழியர்களுக்குப் பயிற்சி தருவோம்" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள், அடுத்த வருடம் அதை எப்படிச் சோதிப்பது என்று யாருக்கும் தெரியாது. கணினியிலிருந்து வெண்டர்வாரியாக, எல்லாப் பள்ளிகளையும் சேர்த்து மாதம் ஒரு செலவு அறிக்கை எடுப்போம், கிராண்ட் பணத்தில் ஒரே வெண்டருக்கு 10,000ஐ நெருங்கினால் அடுத்த ஆர்டருக்கு முன் கொள்முதல் அலுவலகம் நிறுத்திக் கேட்கும் என்று எழுதுங்கள், செய்பவர் பதவி, தொடங்கும் தேதி இரண்டும் வேண்டும். பள்ளிகளின் பர்ச்சேஸ் கார்டுச் செலவையும் அந்த அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளிப்பக்கம் சொன்ன தாமதத்துக்கும் வழி இருக்கிறது: ஏப்ரலிலேயே தலைமையாசிரியர்களிடம் அடுத்த ஆண்டுத் தேவையைக் கேட்டு, நான்கு பள்ளிக்கும் சேர்த்து ஒரே முறை விலை கேட்டால் ஆகஸ்டில் உரிமம் கையில் இருக்கும், மொத்தமாகக் கேட்பதால் விலையும் பெரும்பாலும் குறையும். யார் யாரிடம் கேட்டோம், யார் பதில் தரவில்லை, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று அன்றைக்கே அரைப் பக்கம் எழுதி ஃபைலில் வையுங்கள். பதில் வராத மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள், அதுவும் கேட்டதற்கு ஆதாரம்தான்.