1963 சட்டப்பேரவை: பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா புதுச்சேரி பிரதிநிதித்துவ சபையில் எழுத்தராக இருந்தவர். முத்தியால்பேட்டை வீட்டுப் பரணில் அவருடைய குறிப்பேடு கிடைத்திருக்கிறது. பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. ஓரமெல்லாம் கரையான் அரித்துவிட்டது. 1954 அக்டோபர் 18, கீழூர் என்ற பக்கத்தில் '170 – 8' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாகவும் எதிராகவும் கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் அளித்த வாக்குகள் அவை. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

1963 ஜூலை 1 அன்று அந்தச் சபை சட்டப்பேரவையாக மாறி, எதுவார் குபேர் முதல்வரானார். அந்த நாளைப் பற்றிய ஆறு பக்கங்களும் பிரெஞ்சில், மை மங்கிய சாய்வெழுத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது உதவ முடியுமா? குறிப்பேட்டை நானே உங்கள் வீட்டுக்கு எடுத்து வருகிறேன். அன்றைய புகைப்படம் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். தாள் பொடிந்துகொண்டே வருகிறது.