ஸ்மட்ஸைத் திருத்தியது செருப்பா?

வைகைக்கரையான்:
அவமதிப்பவரிடம் கனிவாக நடந்தால் அவர் திருந்தியே தீருவார் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அதற்குச் சான்று, தென்னாப்பிரிக்காவில் தன்னைச் சிறையில் அடைத்த அந்நாட்டு அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் காந்தி தன் கையால் தைத்துக் கொடுத்த செருப்பாம். ஸ்மட்ஸ் அப்படியே உருகிவிட்டாராம்! செருப்பு கைமாறியது 1914 ஜூலையில், காந்தி நாடு திரும்பப் புறப்பட்டபோது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிய இந்தியக் கூலிகள்மீது விதித்திருந்த மூன்று பவுண்டு வரியை நீக்கும் சட்டம் அதற்குள் நிறைவேறிவிட்டது. நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் 1913இல் வேலையை நிறுத்திய கூலித் தொழிலாளர்கள்தான் அந்த வரியை ஒழித்தார்கள். செருப்புக்கு அதில் என்ன வேலை?

ஓய்வாசிரியர்:
1914 ஜூலை என்று உங்களுக்கு யார் சொன்னது, நண்பரே? சிறையில் தைத்ததை விடுதலையானபோது கொடுத்தார் என்று ஸ்மட்ஸே காந்தியின் எழுபதாம் பிறந்தநாள் மலரில் எழுதியிருக்கிறார். விடுதலை 1913 டிசம்பரில். வரி அப்போது இருந்தது. பல கோடைகள் அந்தச் செருப்பை அணிந்ததாகவும், அதில் கால் வைக்கத் தனக்குத் தகுதி இல்லை என்று தோன்றுவதாகவும் அதே கட்டுரையில் சொல்கிறார். எதிராளியின் வாயாலேயே வந்த பிறகு வேறென்ன வேண்டும்?

வைகைக்கரையான்:
கால் நூற்றாண்டு கழித்துப் பிறந்தநாள் மலரில் எழுதுகிறவர் வேறென்ன எழுதுவார்? வாழ்த்து மடலைக் கிரயப் பத்திரம் போல நீட்டுகிறீர்கள். அதே ஸ்மட்ஸ் பிரதமராக இருந்தபோது 1946இல் வந்த சட்டம், இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வேலி போட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயரே ‘கெட்டோ சட்டம்’. டர்பனில் மறுபடி சத்தியாகிரகம், மறுபடி சிறை. இந்தியா ஐ.நா. சபை வரை போனது. பல கோடைகள் அந்தச் செருப்பைப் போட்ட கால்தானே இது? தேதி 1914 ஜூலைதான்.

செங்காந்தள்:
தேதி கிடக்கட்டும். எங்கள் மேலாளர் எல்லோர் முன்னாலும் கோப்புக்கட்டை மேசைமேல் விட்டெறிவார். தாள்கள் நாற்காலிக்கு அடியில் எல்லாம் பறக்கும். குனிந்து பொறுக்கி, வரிசைப்படுத்தி, “வேறு ஏதும் வேண்டுமா, சார்?” என்று சிரித்த முகத்தோடு கேட்பேன். மனிதர் திருந்தவில்லை. மற்றவர்களின் கோப்புகளும் என் மேசைக்கு வரத் தொடங்கியதுதான் மிச்சம்.

ஓய்வாசிரியர்:
அம்மா, நீங்கள் காட்டியது கனிவு அல்ல, பயம். 1908 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் தெருவில், இந்தியர் பதிவு குறித்து அரசோடு காந்தி செய்த சமரசத்தில் கோபம்கொண்ட மீர் ஆலம் என்ற பட்டாணியன் அவரை அடித்து வீழ்த்தினான். நினைவு திரும்பியதும் அவனை விட்டுவிடச் சொன்னார் காந்தி. ஆகஸ்டில், அரசு கொடுத்த பதிவுச் சான்றிதழ்களை இந்தியர்கள் எரித்த கூட்டத்துக்கு அதே மீர் ஆலம் வந்து கைகுலுக்கினான்.

செங்காந்தள்:
என் பயத்தை அளக்க உங்களிடம் எந்தப் படி இருக்கிறது, ஐயா? அந்த மேலாளருக்கு முன்னால் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குறும்பலா:
கனிவைப் பற்றி வாத்தியார் ஐயாவா பாடம் நடத்துகிறார்? போன மாதம் நீர்மேலாண்மை விவாதத்தில் என் பதிவைச் ‘சிறுபிள்ளைத்தனம்’ என்றவர் இவர்தானே?

ஓய்வாசிரியர்:
சிறுபிள்ளைத்தனமாக இருந்தது, சொன்னேன். அதற்கும் காந்திக்கும் என்ன தொடர்பு?

வைகைக்கரையான்:
நன்று, கனிவு பொங்குகிறது! அன்று காந்தியோடு அடி வாங்கியவர் அவருடைய சக போராளி தம்பி நாயுடு. அவர் மன்னித்தாரா என்று நம்மில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மீர் ஆலமுக்குச் சிறைத் தண்டனை கிடைத்ததையும் வசதியாக விட்டுவிட்டீர்கள். போகட்டும். உங்கள் தேதியையே எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் செருப்பு போய், மனிதர் உருகியும் விட்டார். பிறகு தில்லையாடி வள்ளியம்மை அவருடைய சிறையில் காய்ச்சலோடு கிடந்தது எப்படி? வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் செத்துப்போனாளே! அந்தச் செருப்பு அவளுக்கு என்ன செய்தது? ஜூலை என்று ஒப்புக்கொண்டால் உங்களுக்குத்தான் வசதி.

ஓய்வாசிரியர்:
வள்ளியம்மையை இழுத்து வந்து தேதியை மறைக்கிறீர்கள். விடுதலையானபோது என்று ஸ்மட்ஸ் எழுதியிருக்கிறார். எத்தனை முறை சொல்வது?

வைகைக்கரையான்:
எத்தனை முறை சொன்னாலும் ஜூலைதான்.

குறும்பலா:
சிறுபிள்ளைத்தனம் என்றதற்கு இன்னும் விளக்கம் வரவில்லை.