புதுப்பிப்பு: பெரியம்மா இருக்கும் முதியோர் இல்லம்

கும்பகோணத்துக்கு அருகே பெரியம்மா தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தில் மாலை ஐந்தரைக்கே இரவு உணவை முடித்துவிடுகிறார்கள், அழைப்பு மணியும் வேலை செய்யவில்லை, கேட்டால் உள்ளே இருப்பவர்களுக்குத் தொல்லை வருமோ என்று உறவினர்கள் அஞ்சுகிறோம் என முன்பு எழுதியிருந்தேன். தனியாகப் போகாமல் சில குடும்பத்தார் சேர்ந்து பேசுமாறு சொன்னீர்கள்; நான்கு குடும்பங்கள் சேர்ந்தோம்.

வாரம் ஒருவராக முறைவைத்துச் சென்று, பார்க்க யாரும் வராதவர்களிடமும் உட்கார்ந்து பேசி, அவர்கள் சம்மதித்ததை மட்டும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதினோம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் திருவையாற்றுப் பாட்டி ஒருவர், விடியற்காலையில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் வாயில் போட்டுக்கொள்வதற்காகக் கைக்குட்டையில் கற்கண்டை முடிந்து தலையணை உறைக்குள் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். எனக்குப் பேச்சே வரவில்லை. அதை எழுதிய பக்கத்தைப் படித்ததும் பொறுப்பாளர் மறுக்கவில்லை. இரண்டு வாரமாக உணவு ஏழரைக்குத் தரப்படுகிறது. படுக்குமுன் பாலும் உண்டு.

அழைப்பு மணி இன்னும் சரியாகவில்லை. இம்மாத இறுதிக்குள் ஆகாவிட்டால் மாவட்டச் சமூகநல அலுவலருக்கு மனு கொடுப்போம். இப்படிச் சேர ஆளில்லாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை.