பின் சக்கரம் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, பதிவு ஆய்வு நெருங்குகிறது, உதவி தேவை

பழையவண்டி72:
வணக்கம். பழைய லாரி ஒன்றை எடுத்து முழுதாகச் சரிசெய்திருக்கிறேன். எல்லா வேலையும் முடிந்தது, பிரேக் மட்டும்தான் தொல்லை. கிளம்பும்போது நன்றாக ஓடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் புகை, லைனர் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) கருகும் வாடை. நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. லைனர், டிரம், பூஸ்டர் எல்லாம் புதுசு. அடுத்த வாரம் பதிவுக்கான ஆய்வு. எதை மாற்றினால் சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆறுசக்கரம்:
என்ன வண்டி? என்ன வருஷம்? ஆயிலில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கா, காற்றில் வேலை செய்யும் ஏர் பிரேக்கா?

டீசல்வாசம்:
இதற்கு யோசிக்கவே வேண்டாம், பிரேக் ஆயில்தான் காரணம். யாரோ தவறான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். இஞ்சின் ஆயில் மாதிரி மினரல் ஆயில் கொஞ்சம் கலந்தால் போதும், மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் உப்பிவிடும். உப்பிய வாஷர் ஆயில் திரும்பும் சின்னத் துளையை மூடிக்கொள்ளும். மிதித்த ஆயில் திரும்ப வழியில்லாமல் லைனுக்குள்ளேயே நிற்கும், சூடானால் இன்னும் விரியும், பிரேக் தானாக இறுகும். முழுக்க வடித்துவிட்டு ரப்பரை எல்லாம் மாற்றுங்கள்.

நட்டுபோல்ட்டு:
ஆயில் வரைக்கும் போவானேன்? பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கம்பிக்குக் கொஞ்சம் தளர்வு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லையென்றாலும் அதே துளை மூடித்தான் இருக்கும்.

ஏர்டேங்க்:
பழைய லாரி. கொஞ்ச தூரம். பின்னால். எல்லாம் புதுசு. இந்த நான்கு தகவலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியே விட்டார்கள். வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறதா என்றே இன்னும் தெரியாது. "பூஸ்டர் புதுசு" என்று எழுதியிருக்கிறார், அது பெடல் மிதிக்கு வலு சேர்க்கும் வேக்குவம் பூஸ்டரா, சக்கரத்துப் பக்கம் காற்றால் ராடைத் தள்ளும் ஏர் பூஸ்டரா?

தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. வண்டி, பிரேக் வகை, ஒரு பக்கம் சூடா இரண்டு பக்கமுமா, மீட்டரில் எவ்வளவு காற்று, என்னென்ன மாற்றினீர்கள். இதெல்லாம் வந்த பிறகு பேசுவோம்.

பழையவண்டி72:
பெட்ஃபோர்டு ஜே6, 1964. ஏர் பிரேக்.

ஆறுசக்கரம்:
ஜே6-இல் ஏர் பிரேக்கா? கம்பெனியிலிருந்து வந்தது வேக்குவம் சர்வோ (வேக்குவம் பூஸ்டர்) வைத்த ஹைட்ராலிக் ஆயிற்றே.

பழையவண்டி72:
ஆமாம். முன், பின் ஆக்சில் இரண்டும் பிற்காலத்து லாரியுடையது. ஏற்கனவே மாற்றியாயிற்று. அதில் பிரச்சினை இல்லை. பின்னால் ஸ்பிரிங் பிரேக் பூஸ்டர், காற்று இல்லாதபோது உள்ளே உள்ள ஸ்பிரிங்கே பிரேக் பிடிக்கும் வகை. இரண்டு பக்கமும் சூடாகிறது, இடது பக்கம் புகை கூட.

ஏர்டேங்க்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்.

சேஸிஸ்நம்பர்:
பிரேக் கிடக்கட்டும். ஆக்சில் இரண்டும் மாற்றி, பிரேக் அமைப்பையே மாற்றிய வண்டியை எந்த வகையில் பதியப்போகிறீர்கள்? பழமையான வாகனம் என்றா, சாதாரண லாரி என்றா? மாற்றங்களுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கினீர்களா? ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இரும்புக்காதல்:
அதெல்லாம் ஒன்றும் ஆகாது. சேஸிஸில் அடித்த எண் காகிதத்தில் உள்ளதோடு பொருந்தினால் போதும். பதிவைப் பொறுத்தவரை சேஸிஸ்தான் வண்டி, மற்றதெல்லாம் உதிரி பாகம்.

சேஸிஸ்நம்பர்:
எண் பொருந்தினால் அது திருட்டு வண்டி இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். பழமையான வாகனம் என்ற தகுதி வேறு கதை. உலகளவில் இதற்கென்று இருக்கும் ஃபீவா கூட்டமைப்பின் வரையறையைப் பாருங்கள்: குறைந்தது 30 வருடப் பழமை, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பாதுகாப்பு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமல் இருப்பது. ஆக்சிலும் பிரேக்கும் வேறு காலத்தது என்றால் இரண்டாவதிலேயே கேள்வி எழும். நாட்டுக்கு நாடு விதியும் வேறு. இந்தியாவில் 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் 50 வருடம் தாண்டிய இருசக்கர வாகனமும் காரும் மட்டும்தான் அடங்கும், லாரி கிடையாது. இவர் எந்த நாட்டில் பதியப்போகிறார் என்பதையும் சொல்லவில்லை.

இரும்புக்காதல்:
அப்படியானால் சாலையில் ஓடும் பழைய லாரிகளில் பாதியை அருங்காட்சியகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக்கில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதைவிட ஏர் பிரேக் பாதுகாப்பானதா இல்லையா?

சேஸிஸ்நம்பர்:
பாதுகாப்பானது. மறுக்கவில்லை. பாதுகாப்பான லாரி என்று பதியட்டும், 1964 என்று மார்தட்ட வேண்டாம்.

நட்டுபோல்ட்டு:
நீங்கள் இருவரும் தனி இழை தொடங்குங்கள் ஐயா. அவருடைய வண்டி எரிந்துகொண்டிருக்கிறது.

லைனர்மூர்த்தி:
நான் ஒன்று சொல்லட்டுமா? டிரம் சூட்டில் விரிகிறது, விரிந்து லைனரைப் பிடிக்கிறது, ஆறினால் சுருங்கி விட்டுவிடுகிறது. அதனால்தான் ஆறவிட்டால் ஓடுகிறது. டிரம்மைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

ஏர்டேங்க்:
டிரம் விரிந்தால் லைனரைவிட்டு விலகிப் போகும். லைனர் உள்ளே இருக்கிறது, டிரம் அதைச் சுற்றி வெளியே இருக்கிறது. இறக்கத்தில் டிரம் சூடானால் பூஸ்டரிலிருந்து வரும் புஷ் ராட் அதிகம் ஓடி, பிரேக் பிடிமானம் குறைவது இதனால்தான். புது டிரம்மைக் காரணமில்லாமல் கடையச் சொல்வது புண்ணியமான காரியம். ஆறினால் ஓடுகிறது என்பதற்கும் அர்த்தம் பிரேக் விட்டுவிட்டது என்பதல்ல. லேசாக உரசிக்கொண்டே போகிறது, சூடு சேரச் சேரப் புகைகிறது. ஆறிய பிறகும் அதே அளவுதான் உரசும், புகை வரக் கொஞ்சம் தூரம் பிடிக்கும்.

தம்பி, இரண்டு பக்கமும் சூடு என்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஸ்லாக் அட்ஜஸ்டர் (ராடையும் கேமையும் இணைத்து இடைவெளியைச் சரிசெய்யும் கை), லைனரை விரிக்கும் எஸ்-கேமின் புஷ், ரிட்டர்ன் ஸ்பிரிங் என்று அந்தச் சக்கரத்தையே துருவலாம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மேலே போகும் காற்று லைனும் வால்வும். அதோடு, இரண்டு பக்கமும் ஒரே ஆள் ஒரே மாதிரி இறுக்கி வைத்த அட்ஜஸ்ட்மென்ட்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். காற்று நிறைந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், கால் பிரேக்கைத் தொடாதீர்கள். வண்டிக்கு அடியில் போய் இரண்டு பக்கமும் புஷ் ராட் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக உள்ளே போயும் சக்கரம் உரசினால், அட்ஜஸ்ட்மென்ட் அல்லது கேம். வெளியே நீண்டு நின்றால், காற்று அல்லது ஸ்பிரிங். இது தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூட கழற்றக் கூடாது.

ஆறுசக்கரம்:
இதோடு இன்னொன்று. சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது குயிக் ரிலீஸ் வால்வை மறைத்தீர்களா? கால் பிரேக்கை விட்டதும் பூஸ்டரில் உள்ள காற்று அதன் கீழ்த் துளை வழியாகத்தான் வெளியேறும். அந்தத் துளையில் பெயிண்ட் படிந்து கெட்டியானால் காற்று மெல்லக் கசிந்துதான் போகும். அடிக்கடி மிதித்தால் பின் பிரேக் முழுதாக விடவே விடாது. கால் எடுத்ததும் "புஸ்" என்று ஒரே மூச்சில் வெளியேறினால் அது நல்ல வால்வு, இழுத்து முனகினால் சந்தேகப்படுங்கள்.

டீசல்வாசம்:
ஏர் பிரேக் என்று முன்பே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பழையவண்டி72:
ராட் இரண்டு பக்கமும் வெளியேதான் நிற்கிறது, ஒரு விரல் அளவு இருக்கும். கால் பிரேக்கை விட்டால் காற்று சட்டென்று போகிறது. பூஸ்டரைப் பிரித்துப் பார்க்கலாமா? உள்ளே ஸ்பிரிங் சிக்கியிருக்கும் என்று பக்கத்தில் உள்ளவர் சொல்கிறார்.

ஏர்டேங்க்:
பிரிக்காதீர்கள். பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

லைனர்மூர்த்தி:
இதில் அவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஸ்பிரிங் பிரேக் பூஸ்டரின் பின்பாதிக்குள் அழுத்தி வைத்த பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தினால் மூடி குண்டு மாதிரி பறக்கும், எதிரே இருந்தால் ஆள் பிழைப்பது அரிது. பின்னால் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்தால் துளை தெரியும். பூஸ்டரோடு வரும் நீள போல்ட்டை அதில் விட்டுத் திருப்பி, நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கி நிற்கும். கழற்றுவதாக இருந்தால் அதைச் செய்த பிறகு முழு பூஸ்டராகவே கழற்ற வேண்டும். ஸ்பிரிங் பாதியைப் பட்டறையில் பிரித்துப் பார்ப்பதெல்லாம் கூடவே கூடாது.

ஏர்டேங்க்:
சரி. ராட் வெளியே நிற்கிறது, கால் பிரேக் காற்று ஒழுங்காக வெளியேறுகிறது. அப்படியென்றால் ஸ்பிரிங் முழுதாகப் பின்வாங்கவில்லை. அதைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்திருக்கும் காற்று போதவில்லை. ஸ்பிரிங் பிரேக் முழுதாக விடச் சுமார் 4 முதல் 5 பார் காற்றழுத்தம் வேண்டும், பூஸ்டருக்குப் பூஸ்டர் கொஞ்சம் வேறுபடும். அதற்குக் கீழே இறங்கினால் ஸ்பிரிங் பாதி தள்ளிக்கொண்டு லைனரை உரச வைக்கும். கேபினில் இருக்கும் மீட்டர் டேங்கின் காற்றைக் காட்டும், பூஸ்டருக்குப் போய்ச் சேரும் காற்றைக் காட்டாது. ஸ்பிரிங் பக்கத்து லைனில் ஒரு டி இணைப்பு போட்டு, தனி மீட்டர் வைத்து அளந்து சொல்லுங்கள். டேங்கில் எவ்வளவு, பூஸ்டரில் எவ்வளவு. எனக்கு வேண்டியது இந்த இரண்டு எண் மட்டும்.

லைனைக் கழற்றுமுன் அந்த நீள போல்ட்டால் ஸ்பிரிங்கைச் சுருக்கி வையுங்கள். காற்று வடிந்தால் ஸ்பிரிங் தானாகப் பாயும், அடியில் கை இருக்கக் கூடாது. அளப்பதற்கு முன் போல்ட்டை எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

இரும்புக்காதல்:
கம்ப்ரஸர் சின்னதாக இருக்கலாம். அந்த இஞ்சினில் முதலில் ஏர் கம்ப்ரஸரே இல்லையே, எதை எப்படிப் பொருத்தினார்?

நட்டுபோல்ட்டு:
கம்ப்ரஸர் சின்னது என்றால் காற்று ஏற நேரம் பிடிக்கும். ஏறி நின்ற பிறகு பெரிய கம்ப்ரஸரோ சின்ன கம்ப்ரஸரோ, 7 பார் 7 பார்தான். கசிவையும் பார்த்துவிடுங்கள். முழுக் காற்றில் இஞ்சினை நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல் ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். டிரெய்லர் இல்லாத தனி லாரி என்றால் 2 பிஎஸ்ஐக்கு (சுமார் 0.14 பார்) மேல் இறங்கக் கூடாது என்பது அமெரிக்க ஓட்டுநர் தேர்வுகளில் கேட்கும் கணக்கு.

சேஸிஸ்நம்பர்:
ஆக்சில் எண்ணிக்கை, மொத்த எடை, பிரேக் வகை மூன்றும் விண்ணப்பத்தில் எழுதியபடி வண்டியில் இருக்க வேண்டும். ஹைட்ராலிக் என்று எழுதிவிட்டு ஏர் டேங்கோடு போய் நின்றால் பிரேக் நன்றாகப் பிடித்தாலும் திருப்பி அனுப்புவார்கள். இஞ்சினும் மாற்றியிருந்தால் அந்த எண்ணையும் ஏற்றுங்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள், பாகம் வாங்கிய ரசீது, வெல்டிங் செய்த இடங்கள், எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் மணல் அடித்துச் சுத்தம் செய்யவோ கனமாகப் பெயிண்ட் பூசவோ கூடாது. எண் மங்கினால் மறுபடி அடிக்க அனுமதி வாங்குவதற்குள் அடுத்த வண்டியையே சரிசெய்துவிடலாம்.

இரும்புக்காதல்:
இதை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பழையவண்டி72:
டேங்கில் 7.2 பார். பூஸ்டரில் 3.6.

ஹேண்ட் பிரேக் வால்வு நெம்புகோல் கடைசி வரை போகவில்லை. புதிதாக அடித்த கேபின் பலகையில் முட்டுகிறது. பலகையை வெட்டினேன், இப்போது பூஸ்டரிலும் 7.2 வருகிறது. ராட் முழுதாக உள்ளே போகிறது. நன்றி அனைவருக்கும்.

ஆறுசக்கரம்:
நெம்புகோலுக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு என்பதால் பாதியில் நின்றால் பாதிக் காற்றுதான் போகும். நல்லவேளை, பூஸ்டரைப் பிரிக்கவில்லை.

ஏர்டேங்க்:
வேலை இன்னும் முடியவில்லை. புகை வரும் அளவுக்குச் சூடான சக்கரம் அது. டிரம்மைக் கழற்றி உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா, நீல நிறம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். லைனர் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பிடிக்காது, ஆய்வில் பிரேக் சோதிக்கும் ரோலர் மேல் ஏறினால் தெரிந்துவிடும். ஹப் கிரீஸ் உருகி சீல் வழியாக லைனரில் ஒழுகியிருந்தால் சீலும் லைனரும் இரண்டுமே மாற்ற வேண்டும். இடது பக்கம்தான் புகை கூட என்றீர்கள், அங்கே ஸ்லாக் அட்ஜஸ்டரையும் பாருங்கள். ஸ்பிரிங் முழுதாகப் பின்வாங்கிய நிலையில் கையால் இழுத்தால் ராட் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வர வேண்டும்.

லைனர்மூர்த்தி:
கழற்றும்போது உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஆக்சில் எந்த லாரியுடையது என்று தெரியவில்லை, பழைய லைனர் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சேஸிஸ்நம்பர்:
விண்ணப்பத்தில் பிரேக் வகை என்ன என்று எழுதியிருக்கிறீர்கள்?

நட்டுபோல்ட்டு:
அவர் பலகையை வெட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார். இனி ஆய்வில் ஏதாவது முட்டினால்தான் வருவார்.