ஔவையாருக்கு எத்தனை அடையாள எண்கள்?

சுவடிமேடு:
ஔவையார் என்ற பெயரிலுள்ள பதிவுகள் அனைத்தையும் 'இரண்டும் ஒன்றே' என்று சொல்லும் 'சேம்ஆஸ்' உறவால் கட்டிவிட்டால் தமிழ் இலக்கியத் தரவு ஒழுங்காகிவிடும் என்று குறிநிரலர் நேற்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒருவரே என்று எந்த ஆய்வாளர் ஏற்பார்? ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும் என்பதே அவ்வுறவின் விதி. அதன்பின் 'அதியமானைப் பாடியவர் இயற்றிய நூல்கள்' என்று ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் கேட்டால் கொன்றைவேந்தனும் மூதுரையும் வந்து நிற்கும்.

குறிநிரலர்:
பிற தரவுகளோடு இணைப்புக் கொடுங்கள் என்பது வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ இணைப்புத் தரவுக்காக 2006இல் எழுதிய நான்கு விதிகளுள் ஒன்று. அறிஞர் பெருமக்கள் ஒருமித்த முடிவுக்கு வரும்வரை காத்திருந்தால் இணைப்புத் தரவு என்று எதுவும் தமிழில் இராது. பதிவுகளிலிருந்து புதிய முடிவுகளை வருவிக்கும் உய்த்தறி கருவியை இயக்காமல் விட்டால் நீங்கள் அஞ்சும் எதுவும் நிகழப்போவதில்லை.

சுவடிமேடு:
நீங்கள் இயக்காமல் விடலாம். உங்கள் தரவை எடுத்துச் செல்பவர் இயக்குவார். திறந்த தரவு என்று மார்தட்டிக்கொண்டு இதை மறக்கலாமா? இணைக்க வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. 'சேம்ஆஸ்' வேண்டாம் என்கிறேன். ஸ்கோஸ் சொற்றொகுதியில், ஒன்றே என்று சாதிக்காமல் நெருக்கத்தை மட்டும் சொல்லும் 'குளோஸ்மேட்ச்' எதற்காக இருக்கிறது?

ஏட்டுக்கட்டு:
பெலாகியோஸ் திட்டத்தார் 2011 முதல் ஆவணங்களில் வரும் பண்டைய ஊர்களை, பிளேயடீஸ் என்ற இணைய ஊர்ப்பட்டியலின் அடையாளங்களோடு இணைத்து வந்தார்களே, அங்கே இத்தனை கூச்சல் எழவில்லையே?

சுவடிமேடு:
அங்கே சொல்லப்படுவது 'இந்த ஆவணம் இந்த ஊரைக் குறிப்பிடுகிறது' என்பது மட்டுமே. இரண்டு ஊர்கள் ஒன்று என்று எவரும் அங்கே சாதிக்கவில்லை. படித்துவிட்டு எழுதுங்கள்.

நூலகவாசி:
பண்பாட்டு மரபுத் தரவுக்கான சிடாக் சிஆர்எம் மாதிரியில் ஒரு கருத்தை யார் முன்வைத்தார் என்பதையே தனி நிகழ்வாகப் பதியலாம். 'இருவரும் ஒருவரே' என்பதை இன்னாரின் கூற்றாக ஏற்றிவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

குறிநிரலர்:
ஒரு புலவர் பிறந்தார் என்று எழுதவே தனி நிகழ்வுப் பதிவு கேட்கும் மாதிரி அது. அதைக் கட்டிக்கொண்டு அழுத உங்கள் திட்டம் இன்றுவரை பிறர் தரவை வினவ ஓர் இணைய முகவரியையாவது வெளியிட்டதா?

நூலகவாசி:
தரவைச் சரிபார்க்காமல் வெளியிடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சென்ற கருத்தரங்கில் என் கேள்விக்கு 'நேரமில்லை' என்று நழுவியவர் முகவரி கேட்கிறார்!

குறிநிரலர்:
நேரம் உண்மையாகவே முடிந்திருந்தது. அன்றைய தலைவரைக் கேளுங்கள். அது போகட்டும், நக்கீரரை என்ன செய்வீர்கள்? திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. நெடுநல்வாடை பாடியவரும் அவரும் ஒருவரா, இருவரா? உங்கள் கணக்கில் புலவருக்குப் பத்து அடையாள எண்கள் வேண்டும்.

சுவடிமேடு:
வேண்டுமென்றால் வேண்டும்தான், எண்ணுக்கா பஞ்சம்? பிரித்து வைத்ததைப் பின்னர் சேர்த்துவிடலாம். சேர்த்துக் கட்டியது நாலு தரவுத்தளங்களுக்குப் பரவிய பிறகு எந்தக் கூற்று எந்த ஔவையாருடையது என்று பிரித்தெடுக்க எவராலும் இயலாது. நக்கீரரைக் கொண்டுவந்து திசைதிருப்பாமல் கேட்டதற்கு விடை சொல்லுங்கள்: அதியமான் வினவலில் கொன்றைவேந்தன் வருமா, வராதா?

குறிநிரலர்:
வினவலை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு வராது.

சுவடிமேடு:
வரும். நீங்கள் வெளியிட்ட மாதிரித் தரவிலேயே உய்த்தறி கருவியை இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வினவலை இங்கேயே ஒட்டட்டுமா?