ஏப்ரன் தைக்கும்போது அடியில் நூல் சிக்குகிறது

கேள்வி: தோட்ட வேலைக்குத் தடித்த பருத்தித் துணியில் தையல் மெஷினில் ஏப்ரன் தைக்கிறேன். மேலே தையல் ஒழுங்காக விழுகிறது, அடியில் நூல் கொசகொசவென்று சேர்கிறது. பாபினை (அடிநூல் சுற்றிய சிறு உருளை) மாற்றியும் பலனில்லை. ஏன்?

பதில் 1: அடியில் சிக்கினால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி நூல் கோத்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொள்ளும். நூல் இடையில் நுழையாது, இழுவிசையே கிடைக்காது. தொடங்கும்போது இரண்டு நூல்களையும் 10 செ.மீ. பின்னால் விட்டு, முதல் 3 தையல் வரை பிடித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் செய்து பார்க்கும்வரை டென்ஷன் திருகைத் தொடவே வேண்டாம்.

பதில் 2: ஊசியையும் பாருங்கள். இந்தத் துணிக்கு 16ஆம் எண் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. பாக்கெட் மூலையில் மடிப்புகள் சேரும் இடத்தில் கைச்சக்கரத்தைச் சுற்றித் தையுங்கள், ஊசி உடையாது.

கேட்டவர்: ஃபுட்டைத் தூக்கிக் கோத்ததும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி!