மூன்றாவது டவுன்ரிகரை இறக்கினால் கேபிள் சிக்குது, அவசர உதவி!

ஏரிக்காற்று:
நாளைக்கு விடியக்காலமை திரும்ப ஏரிக்குப் போகோணும். ஒன்டாரியோ ஏரி, சினூக் எண்ட சால்மன் மீன், படகை ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுக்கிற ட்ரோலிங். தூண்டிலை ஆழத்துக்கு இறக்கக் கேபிளில குண்டு தொங்கவிடுற டவுன்ரிகர் ரெண்டோட சமாளிக்கலாம். மூன்றாவதை இறக்கினால் கேபிளும் கேபிளும் பின்னிக்கொண்டு வருது. அவிழ்க்கிறதிலயே மீன் கடிக்கிற நேரம் போயிடுது. என்ன செய்யலாம்?

சுறாமுள்:
படகு எத்தனை அடி? குண்டு எத்தனை பவுண்டு? எவ்வளவு ஆழத்துல விடுறீங்க? திரும்பும்போது சிக்குதா, நேரா போகும்போதா? ஒண்ணுமே சொல்லாம கேட்டா நாங்க என்னத்தச் சொல்றது?

நடுக்கடல்:
கேட்கவே தேவையில்லை, திருப்பத்திலதான் சிக்கும். படகு வளையேக்க உள்பக்கக் குண்டு வேகம் குறைஞ்சு நேர்கீழ தொங்கும். வெளிப்பக்கக் குண்டு வேகம் கூடிப் பின்னுக்கு எழும்பும். சடாரெண்டு திருப்பினால் ஒன்றின்ட வழியில மற்றது வந்து நிக்கும். நல்லா அகட்டி வளையுங்கோ.

கேபிள்பித்தன்:
ஸ்டீல் கேபிளை முதல்ல கழட்டுங்க. பின்னல் கயிறு போட்டா தண்ணி இழுப்பு குறையும், குண்டும் அவ்வளவா பின்தங்காது. நான் மாத்தினதிலிருந்து நிம்மதி.

மூத்தமாலுமி:
தம்பி, முதல்ல சட்டத்தைப் படியும். ஒன்டாரியோ ஏரியின்ட கனடாப் பக்கத்தில படகில இருந்து பிடிச்சால் ஆளுக்கு ரெண்டு தூண்டில்தான். தனியப் போய் மூன்று விடுறீரோ? ரெண்டையே ஒழுங்கா இழுக்கத் தெரியாமல் மூன்றுக்கு ஆசைப்படுற ஆக்கள் இப்ப கூடிப்போச்சினம். இந்தக் கேள்வி இங்க கனதரம் வந்தது. தேடிப் பார்த்திருக்கலாம்.

ஏரிக்காற்று:
மச்சானும் வாறவர், ஆள் கணக்குச் சரி. படகு 16 அடி அலுமினியம். பக்கத்துக்கு ஒரு ரிகர். மூன்றாவது பின்பலகையில, எஞ்சினுக்கு இடப்பக்கம். எல்லாம் 10 பவுண்டுக் குண்டு, எல்லாம் 70 அடியில. சோனாரில மீன் அங்கதானே தெரியுது. வேகம் ஜி.பி.எஸ்.ஸில 2.4 மைல். நேராப் போகேக்கயும் சிக்குது.

சுறாமுள்:
மூணும் ஒரே ஆழமா! அப்ப சிக்காம என்ன செய்யும்? பின்பலகை ரிகரை 70லயே வைங்க, தூண்டில் நூலைக் கேபிள்ல பிடிக்கிற கிளிப்பிலிருந்து ஸ்பூன் (பளபளக்கிற தகட்டு இரை) ஒரு 10 அடி பின்னால போதும். பக்கத்து ரிகர் ரெண்டையும் 60, 50னு ஏத்தி, ஸ்பூனை 25, 30 அடி விடுங்க. ஆழமா போறது கிட்ட, மேல போறது தள்ளி. அப்பத்தான் மேல் தூண்டில் இறங்கினாலும் கீழ் கேபிள்ல மாட்டாது. 50ல விட்டா மீன் வராதுன்னு பயப்படாதீங்க, சால்மன் மேல ஏறி வந்து கடிக்கும். இறக்கும்போது எஞ்சினை நியூட்ரல்ல போட்டுடாதீங்க. ஒண்ணு போய் நின்னப்புறம்தான் அடுத்தது. ஜி.பி.எஸ். சொல்றது படகு வேகம் மட்டும்தான், 70 அடியில நீரோட்டம் வேற பக்கம் போகலாம்.

நடுக்கடல்:
கேபிள்பித்தன், ஸ்டீலைக் கழட்டச் சொல்றது பிழை. மெல்லிய கரண்ட் மீனை இழுக்கும் எண்டு நம்பி, பசிபிக் கரையில சினூக்குக்கு எண்டே ஸ்டீல் கேபிளில 0.6 வோல்ட் கிட்ட வைச்சு ஓடுறவை இருக்கினம். கயிறு போட்டால் அந்தக் கதையே முடிஞ்சுது.

கேபிள்பித்தன்:
அது உப்புத் தண்ணி சார். படகு உலோகத்துக்கும் கேபிளுக்கும் நடுவுல கரண்ட் நல்லா ஓட உப்பு வேணும். ஏரியில அவ்வளவு எங்க போறது? கயிறு போட்டும் நான் மீன் பிடிக்கிறேனே.

நடுக்கடல்:
நீங்கள் பிடிக்கிறது வேற, கேபிளில கூடப் பிடிபட்டிருக்குமோ எண்டது வேற.

மூத்தமாலுமி:
ரெண்டு பேரும் அரைகுறையா வாசிச்சிட்டு வந்து அடிபடாதேங்கோ. வோல்ட்மீட்டர் வைச்சு அளந்து பார்த்தனீங்களோ? நான் அளந்தனான்.

கேபிள்பித்தன்:
எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லுங்களேன்?

கரைவலை:
வோல்ட் கிடக்கட்டும். ஏரிக்காற்று, சிக்கிறது எப்பவும் அதே ரெண்டு கேபிளோ? குண்டு வெறும் உருண்டையோ, வால்தகடு வைச்சதோ?

ஏரிக்காற்று:
தட்டைக் குண்டு, பின்னால தகடு இருக்கு. பழசாத்தான் வாங்கினது. இடப்பக்கமும் பின்பலகையும்தான் எப்பவும் பின்னுது. வலப்பக்கம் ஒருநாளும் இல்லை.

கரைவலை:
அப்ப தகட்டைப் பாருங்கோ. அது சுக்கான் மாதிரி வேலை செய்யும். குண்டு படகை விட்டு விலகி ஓடட்டும் எண்டு சிலர் அதை வெளிப்பக்கமா மடிச்சு வைப்பினம். இடம் வலம் மாறினால் அதே குண்டு படகுக்கு அடியில வரும். ரெண்டு ரிகர் மட்டும் போடேக்க அங்க இடிக்க ஒண்டும் இல்லை, அதாலதான் தப்பினீங்கள். மூன்றாவது கேபிள் சரியா அதின்ட வழியில நிக்குது. எஞ்சின் விசிறியும் பக்கத்திலதான், கவனம்.

ஏரிக்காற்று:
இடப்பக்கக் குண்டின்ட தகடு உள்ளுக்கு மடிஞ்சுதான் கிடக்கு. குறட்டால நிமிர்த்திட்டன். ஆழமும் மாத்தி விட்டுப் பார்க்கிறன்.

சுறாமுள்:
போயிட்டு வந்து ஒரு வரி போடுங்க. நிறைய பேர் கேட்டுட்டு காணாம போயிடுறாங்க.

நடுக்கடல்:
மூத்தமாலுமி அண்ணை அளந்த வோல்ட் இன்னும் வரேல்லை.

ஏரிக்காற்று:
சிக்கேல்லை. திருப்பத்திலயும் இல்லை. ஒரு சினூக், 50 அடி ரிகரில. நன்றி.

கேபிள்பித்தன்:
என்ன கலர் ஸ்பூன்? ஸ்டீல் கேபிள்தானா இன்னும்?